பழைய பேண்ட்ஸா: எதை வாங்கணும், எதை வீட்லயே செய்யணும்?

தம்பி, காயலான் கடையில பழைய பேண்ட்ஸா ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்னு சொன்னே. விலை படிஞ்சா எடுத்துடு. ஆனா வீட்டுக்கு வந்த கையோட பெயிண்ட் டப்பாவைத் திறக்காதே. பழைய மெஷின்ல பெயிண்ட் கடைசி வேலை. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு. பாதிக்கு மேல உன் கையாலயே செஞ்சுக்கலாம். மீதியில கஞ்சத்தனம் பண்ணினா மெஷினும் போகும், விரலும் போகும்.

மனசுல வச்சுக்க வேண்டிய கணக்கு ஒண்ணுதான்: ஓடுறதை வாங்கு, நிக்கிறதைச் செய். பிளேடு, பேரிங், பெல்ட், மோட்டார்னு சுத்துற சாமான் எல்லாம் கடையில வாங்கு. டேபிள், கைடு கட்டை, ஃபென்ஸ், மூடின்னு இடத்தை விட்டு அசையாததெல்லாம் வீட்லயே செய். இதுக்கு விதிவிலக்கு ரெண்டு. ஒண்ணு ஸ்விட்ச், அது நிக்கிற சாமானா இருந்தாலும் கடையிலதான் வாங்கணும். இன்னொண்ணு வீல் மேல போடுற டயர். அது ஓடுற சாமானா இருந்தாலும் ராணிப்பேட்டையில இருக்கிறவன் அதைக் கடையில தேட வேண்டியதில்ல.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல

தோல் ஷெட்டுல ஸ்பிளிட்டிங் மெஷினைப் பார்த்திருப்பே. ரெண்டு பெரிய வீல், அதுமேல படுக்கைவாட்டுல ஓடுற முனையில்லாத பட்டைக் கத்தி. தடிமனான தோலை மேல் பக்கம், அடிப்பக்கம்னு ரெண்டா பிளக்கிறது அதுதான். பேண்ட்ஸாவும் அதே குடும்பம். கத்தி படுக்கைக்குப் பதிலா செங்குத்தா ஓடுது, விளிம்புல பல் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்பிளிட்டிங் மெஷின்ல கத்தி ஓடும்போதே சாணைக்கல் அதைத் தீட்டிக்கிட்டே இருக்கும். நம்ம மெஷின்ல அந்த வசதி கிடையாது, மழுங்கினா கழட்டித்தான் ஆகணும்.

இதுல உனக்கு என்ன லாபம்னா, அந்த மெஷினுக்கு ஃபிட்டர் வேலை பார்த்தவங்க நம்ம பக்கத்துல தெருவுக்கு ஒருத்தர் இருப்பாங்க. பட்டை எந்தப் பக்கம் நழுவுது, இழுப்பு போதுமா, பேரிங் அழுவுதான்னு நின்ன இடத்துலயே சொல்லிடுவாங்க. சிப்காட் பக்கம், பெல் தொழிற்சாலையை ஒட்டின பக்கம் எல்லாம் லேத் பட்டறைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமே இல்ல. ஒரு புஷ் கடைஞ்சு வாங்கறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போற நிலைமை நமக்கு இல்ல.

எடுக்கறதுக்கு முன்னாடி மூணு சோதனை

முதல் சோதனை, விரிசல். வார்ப்பிரும்பு வீலைச் சின்னச் சுத்தியலால மெதுவா தட்டு. நல்ல வீல் கணீர்னு பேசும். விரிசல் விட்டது மொத்துன்னு சத்தம் போடும். சந்தேகமா இருந்தா அந்த இடத்துல மண்ணெண்ணெய் தடவி, துணியால சுத்தமா துடைச்சுட்டு, சாக்பீஸ் தூளைத் தூவு. விரிசல் இருந்தா உள்ளே போன எண்ணெய் கசிஞ்சு வந்து தூள்ல கோடு போட்டுக் காட்டும். வீல்ல விரிசல்னா மெஷினையே விட்டுடு. வெல்டு வச்சு ஓட்டலாம்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடு.

ரெண்டாவது, ஆட்டம். வீலை மேலயும் கீழயும் பிடிச்சு முன்னும் பின்னும் அசைச்சுப் பார். கடகடன்னா பேரிங் போச்சு. அது பெரிய செலவு இல்ல, பயப்படாதே.

மூணாவது, கோணல். ஒரு பென்சிலை வீல் விளிம்புகிட்ட அசையாம பிடிச்சுக்கிட்டு, வீலைக் கையால ஒரு சுத்து சுத்து. இடைவெளி கூடிக் குறைஞ்சா வீல் கோணல், இல்லேன்னா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. ஷாஃப்ட்டை மாத்திடலாம். வீல் கோணலா இருந்தா லேத்துல ஏத்தி முகத்தை எடுக்க முடியுமான்னு டர்னர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் விலை பேசு.

பேரிங்: பழசைத் துடைச்சுப் போடாதே

பேரிங் முதுகுல நம்பர் அடிச்சிருக்கும். 6203ன்னா உள்விட்டம் 17 மி.மீ., 6204ன்னா 20, 6205ன்னா 25. நம்பர் அழிஞ்சிருந்தா ஷாஃப்ட்டை அளந்துட்டுப் போ. கடையில கேட்கும்போது ரப்பர் சீல் வச்சதா கேளு. தகடு மூடி வச்சதுல மரத்தூள் நுழைஞ்சு கிரீஸைக் குடிச்சுடும்.

மாட்டும்போது ஷாஃப்ட் மேல ஏத்தறதுன்னா உள்வளையத்தைத் தட்டு. வீல் ஓட்டைக்குள்ள இறக்கறதுன்னா வெளிவளையத்தைத் தட்டு. மாத்தித் தட்டினா அடி குண்டு வழியாப் போயி, புது பேரிங்லயே பள்ளம் விழும். அதே அளவு பைப் துண்டு ஒண்ணு வச்சு, நாலு பக்கமும் சமமா இறக்கு.

வீல் மேல டயர்: இங்கதான் நம்ம ஊர் கைகொடுக்கும்

பிளேடு நேரா இரும்பு மேல ஓடக்கூடாது. பல்லோட சாய்ப்பு போயிடும், வீலும் தேயும். அதனாலதான் வீல் மேல ரப்பர். பழைய மெஷின்ல அது காஞ்சு பொடிப்பொடியா உதிரும். புது டயர் உன் சைஸுக்குக் கிடைக்கலேன்னா ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி சைக்கிள் டியூப். உன் வீலைவிடச் சின்ன வட்டமுள்ள டியூபா எடு. சின்னப் பிள்ளைங்க சைக்கிள் டியூப் பெரும்பாலும் சரியா வரும். வால்வு இருக்கிற உள்பக்கத்தைக் கத்தரியால நீளத்துக்கு வெட்டி எடுத்துடு. வெளிப்பக்கம் ஒட்டு இல்லாத முழு வளையமா மிஞ்சும். அதைக் கொஞ்சம் இழுத்து வீல் மேல மாட்டினா இறுக்கமா உக்காந்துக்கும். சின்ன வீலுக்குச் சொல்யூஷன்கூட வேணாம்.

ரெண்டாவது வழி தோல். பேண்ட்ஸா வந்த காலத்துல வீலுக்குத் தோல் போர்த்தி ஓட்டினதும் உண்டு, அதனால இது நம்ம கண்டுபிடிப்பு இல்ல. ஆனா எந்தத் தோல்ங்கறதுல கவனமா இரு. குரோம் தோல் மெத்துனு இருக்கும், இழுத்தா நீளும். நாலு நாள்ல தொளதொளன்னு ஆயிடும். பட்டை போட்டுப் பதப்படுத்தின கெட்டித் தோல்தான் வேணும். பெல்ட்டுக்கும் அடித்தோலுக்கும் போறது. முழு நீளத்துக்கும் ஒரே தடிமனா, சுமார் 3 மி.மீ.ல ஒரு பட்டை வாங்கு.

ஒட்டற விதம் ஷூ கம்பெனியில வேலை பார்த்த யாருக்கும் தெரிஞ்சதுதான். ரெண்டு முனையையும் ஸ்கைவிங் பண்ணி, ஒண்ணு மேல ஒண்ணு படுக்கிற மாதிரி சரிவா சீவு. சேர்ந்த இடத்துல தடிமன் ஏறக்கூடாது. மேல் பக்கம் வர்ற மெல்லிய விளிம்பு, வீல் சுத்தற திசைக்குப் பின்பக்கம் பார்த்து இருக்கணும். எதிர்த்து இருந்தா பிளேடு அதைக் கிளப்பி உரிச்சுடும். வீலையும் தோலையும் உப்புக்காகிதத்தால சொரசொரப்பாக்கு. ரெண்டுலயும் சொல்யூஷன் தடவு. தொட்டா விரல்ல ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் காய விடு. அப்புறம் இழுத்து ஒட்டிச் சுத்தியலால தட்டிக்கிட்டே வா. ஈரமா இருக்கும்போதே ஒட்டினா சித்திரை வெயில்ல நழுவி வந்துடும்.

ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு நுணுக்கம். பல மெஷின்ல வீலோட நடுப்பகுதி ஓரத்தைவிட அரை மி.மீ. போல உயர்ந்திருக்கும். பிளேடு நடுவுக்கே வந்து நிக்கிறது அதனாலதான். உன் வீல் அப்படிப்பட்டதுன்னா, டயர் போட்ட பிறகும் அந்த மேடு இருக்கணும். பிளேடைக் கழட்டிட்டு, மரக்கட்டையில உப்புக்காகிதம் சுத்தி, வீலைக் கையால சுத்திக்கிட்டே ரெண்டு ஓரத்தையும் லேசா தேய். மோட்டார் போட்டுத் தேய்க்காதே. மூக்கைத் துணியால கட்டிக்கோ.

ஸ்பீடு கணக்கைப் பேப்பர்ல போடு

மரத்துக்குப் பிளேடு நிமிஷத்துக்குச் சுமார் 900 முதல் 1,000 மீட்டர் ஓடினா நல்லது. கணக்கு சுலபம்: வீலோட விட்டத்தை மீட்டர்ல எழுதி, 3.14ஆல பெருக்கி, நிமிஷச் சுத்தால பெருக்கு. 18 இன்ச் வீல்னா விட்டம் 0.457 மீட்டர். ஒரு சுத்துக்குப் பிளேடு 1.43 மீட்டர் நகரும். உன் மோட்டார் 1,440 சுத்து. மோட்டார்ல 3 இன்ச் புல்லி, வீல் ஷாஃப்ட்டுல 6 இன்ச் புல்லி போட்டா வேகம் பாதியாகி 720 ஆகும். பிளேடு நிமிஷத்துக்கு 1,030 மீட்டர் போல ஓடும். போதும், இதுக்கு மேல ஏத்தாதே. 14 இன்ச் வீல்னா 900 சுத்து வர்ற மாதிரி புல்லியைத் தேர்ந்தெடு.

இதே மெஷின்ல இரும்பு அறுக்கலாமான்னு கேட்பே. கூடாது. இரும்புக்குப் பத்துல ஒரு பங்கு வேகம், அதுக்கும் கீழதான் வேணும். இந்த வேகத்துல இரும்பைக் காட்டினா பல் ஒரு நிமிஷத்துல கருகிடும்.

பிளேடு: ஒட்டுற வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட விடு

இங்கிலாந்துல வில்லியம் நியூபெரிங்கறவர் பேண்ட்ஸாவுக்கு உரிமம் வாங்கினது 1809ல. ஆனா கிட்டத்தட்ட 40 வருஷம் அது உபயோகப்படல. பிளேடை வளையமா ஒட்டற இடம் அறுந்துக்கிட்டே இருந்தது. அந்தச் சிக்கலைத் தீர்த்தது ஆன் போலின் கிரெப்பின்ங்கற பிரெஞ்சுக்காரம்மா. 1846ல ஒட்டற முறைக்கு உரிமம் கேட்டாங்க, பாரிஸ்ல இருந்த பெரின் கம்பெனி அதை வாங்கி நல்ல பிளேடு செஞ்சு வித்தது. ஒரு ஒட்டுக்காக மெஷினே 40 வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதனால வீட்டு வெல்டிங் மெஷின்ல சட்டுனு ஒரு பொட்டு வச்சு ஓட்டாதே. பிளேடு ஜாயிண்ட் போடுற கடையிலயே குடு. வாங்கி வந்ததும் ஒட்டின இடத்தை விரலால தடவிப் பார். முதுகுப் பக்கம் படி மாதிரி தட்டினா திருப்பிக் கொடுத்துடு.

நீளம் கணக்குப் போட, மேல் வீல் மையத்துக்கும் கீழ் வீல் மையத்துக்கும் உள்ள தூரத்தை ரெண்டால பெருக்கு. அதோட வீல் விட்டத்தை 3.14ஆல பெருக்கிக் கூட்டு. 18 இன்ச் வீல், மையத் தூரம் 42 இன்ச்னா, 84ஐயும் 56.5ஐயும் கூட்டி 140.5 இன்ச். அளக்கும்போது மேல் வீலை அதோட ஓட்டத்துல நடுவுல நிறுத்து. அப்பதான் இறுக்கவும் தளர்த்தவும் இடம் இருக்கும்.

தடிமனுக்கு ஒரு பழைய விதி: வீல் விட்டத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. 18 இன்ச் வீலுக்கு 0.5 மி.மீ. போதும். தடிமன் கூடினா வளைஞ்சு வளைஞ்சு சீக்கிரம் விரியும். பல்லைப் பொறுத்தவரை, அறுக்கிற மரத்துக்குள்ள எப்பவும் குறைஞ்சது மூணு பல் இருக்கணும். ஒரு இன்ச் பலகைக்கு இன்ச்சுக்கு 4 முதல் 6 பல். வளைவு வெட்டணும்னா அகலம் முக்கியம்: 6 மி.மீ. பிளேடு 16 மி.மீ. ஆரம் வரைக்கும் திரும்பும். 10 மி.மீ. பிளேடுக்கு 37 மி.மீ., 13 மி.மீ. பிளேடுக்கு 64 மி.மீ. அதுக்கு மேல திருகினா பிளேடு முறுக்கிக்கும்.

கைடு கட்டை: புளிய மரம் போதும்

பழைய மெஷின்ல பிளேடை ரெண்டு பக்கமும் பிடிக்கிற கைடு தேய்ஞ்சு, பிளேடு இஷ்டத்துக்கு ஆடும். அங்க புளிய மரத்து வைரமோ கருவேல வைரமோ வச்சுப் பார். பழைய கைடு இருந்த அளவுக்கு நாலு சதுரக் கட்டை அறுத்துக்கோ. மரத்தோட குறுக்கு வெட்டு முகம் பிளேடைப் பார்க்கணும். நீளவாட்டு முகத்தைக் காட்டினா நார் நாராக் கிழியும். மெழுகுவர்த்தியை நல்லா தேய்ச்சு விடு. மரக் கைடை பிளேடைத் தொட்டும் தொடாம வைக்கலாம். தேய்ஞ்சா முனையைச் சீவிட்டு மறுபடி வை. ஐப்பசி, கார்த்திகை மழையில மரம் உப்பும், அப்ப ஒரு தடவை இடைவெளியைச் சரிபார்.

இரும்புக் கைடோ பேரிங் கைடோ வச்சா ஒரு காகிதத் தடிமன் இடைவெளி விடு. 608 பேரிங் வச்சுச் செய்யலாம், உள்விட்டம் 8 மி.மீ. அதை மாட்டற போல்ட்டுக்கு லேத்துல மையம் தப்பின புஷ் ஒண்ணு கடைஞ்சு வாங்கிடு. புஷ்ஷைத் திருப்பினா பேரிங் கிட்ட வரும், தள்ளிப் போகும். எதுவா இருந்தாலும் பக்கக் கைடு பல்லோட அடிப்பள்ளத்துக்குப் பின்னாடியே நிக்கணும். பல்லைத் தொட்டா சாய்ப்பு போச்சு. முதுகுல தாங்கற பேரிங் சும்மா ஓடும்போது சுத்தக்கூடாது. ஒரு விசிட்டிங் கார்டு இடைவெளி விடு. மரம் தள்ளும்போது மட்டும் சுத்தினா சரி.

டேபிளும் ஃபென்ஸும்

கட்டடத்துக்கு அடிக்கிற வழவழப்பான ஷட்டரிங் பிளைவுட் துண்டு டேபிளுக்கு நல்லா இருக்கும். மரம் சுலபமா வழுக்கும். பிளேடு போற ஓட்டையில தனியா ஒரு சின்னப் பலகைத் துண்டைப் பதிச்சு, பிளேடு அளவுக்கே கோடு போல வெட்டு விடு. சின்னத் துண்டுங்க உள்ளே விழுந்து சிக்காது. டேபிள் பிளேடுக்கு நேர் குத்தா இருக்கான்னு மூலைமட்டம் வச்சுப் பார்.

ஃபென்ஸை டேபிள் விளிம்புக்கு நேரா வச்சா எல்லா பிளேடும் நேரா அறுக்காது. வேண்டாத பலகையில கோடு போட்டு, கைவாக்குல அந்தக் கோட்டுல பாதி வரைக்கும் அறு. மெஷினை நிறுத்து. பலகை எந்தக் கோணத்துல நிக்குதோ அதே கோணத்துல ஃபென்ஸை இறுக்கு. பிளேடு மாத்தினா இதையும் மாத்தணும்.

கீழ் வீல்ல தூள் அப்பாம இருக்க, பழைய தேங்காய்நார் பிரஷ்ஷை உரசற மாதிரி திருகி வச்சுடு. செலவில்லாத வேலை, டயர் ஆயுசு கூடும்.

கனடாவுல மத்தியாஸ் வாண்டல்ங்கற இன்ஜினீயர் வீல்கூட பிளைவுட்லயே செஞ்சு, முழு பேண்ட்ஸாவையே மரத்துல கட்டி ஓட்டிக் காட்டியிருக்கார். அவரும் பேரிங், மோட்டார், பிளேடு மூணையும் மரத்துல செய்யல.

ஸ்விட்ச்சுல கஞ்சத்தனம் வேண்டாம்

நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. சாதா ஸ்விட்ச் போட்டிருந்தா, கரண்ட் போன நேரத்துல நீ பிளேடுகிட்ட கை வச்சு மரத்துண்டை எடுத்துக்கிட்டு இருப்பே, கரண்ட் வந்ததும் மெஷின் தானா ஓட ஆரம்பிச்சுடும். அதனால பச்சை, சிவப்பு பட்டன் வச்ச டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடு. கரண்ட் போனா உள்ளே காயில் விட்டுடும். திரும்ப பச்சையை அமுக்கற வரைக்கும் ஓடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், மெஷின் உடம்புக்கு ஒழுங்கான எர்த்தும் எலக்ட்ரீஷியனை வச்சுப் போடு.

ரெண்டு வீலுக்கும் பெல்ட்டுக்கும் பிளைவுட் மூடி போட்டே ஆகணும். பிளேடு அறுந்தா அது உள்ளேயே சுருண்டு விழணும். மேல் கைடை மரத்துக்கு அரை இன்ச் மேல இறக்கி வை, அதுக்கு மேல பிளேடு திறந்து இருக்கக்கூடாது. மெஷின் ஓடும்போது கையுறை போடாதே, சுத்தற சாமான் இழுத்துக்கும். கைலி, தளர்ந்த சட்டைக்கை வேண்டாம். உன் பொண்டாட்டி வேலை பார்த்தா முந்தானையைச் செருகிக்கிட்டு, வளையலைக் கழட்டி வச்சுட்டு நிக்கட்டும். பிளேடை மடிக்கும்போதும் பிரிக்கும்போதும் மட்டும் கையுறை போடு.

எதை அறுக்கக் கூடாது

தோல் ஷெட்டுல இருந்து கழிச்ச பழைய டிரம் பலகை மலிவா வரும், கெட்டியாவும் இருக்கும். அதை வாங்காதே. வருஷக்கணக்கா குரோம் தண்ணி குடிச்ச மரம் அது, அறுத்தா தூளோட குரோமியமும் நெஞ்சுக்குள்ள போகும். அதுல மறைஞ்ச போல்ட்டும் ஆணியும் பிளேடைக் காலி பண்ணிடும். குரோம் தோல் துண்டையும் இதுல தேய்க்காதே, அடுப்புலயும் போடாதே. எரிஞ்சா அதுல இருக்கிற குரோமியம் விஷத்தன்மை கூடின வடிவத்துக்கு மாறும். 2006ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் போட்ட உலகத்தோட மோசமான மாசு இடங்கள் பட்டியல்ல ராணிப்பேட்டை இருந்தது. மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிறது போதாதா, கொல்லைப்புறத்துக்கும் கொண்டு வரணுமா?

செட் பண்ற வரிசை

இதை மாத்தாதே. பிளக்கைப் பிடுங்கு. எல்லா கைடையும் பின்னுக்குத் தள்ளு. பிளேடைப் பல் கீழ் நோக்கி, உன் பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டு. இறுக்கு, 6 இன்ச் இடைவெளியில விரலால பக்கவாட்டுல அமுக்கினா சுமார் 6 மி.மீ. வளையணும். வீலைக் கையால சுத்திக்கிட்டே மேல் வீலோட சாய்வைத் திருகி, பிளேடு டயர் நடுவுல ஓட வை. அதுக்கு அப்புறம்தான் முதுகு பேரிங், அப்புறம் பக்கக் கைடு, அப்புறம் மூடி, கடைசியா கரண்ட். வேலை முடிஞ்சதும் இழுப்பைத் தளர்த்திடு. ஸ்பிரிங், டயர், பிளேடு மூணுக்கும் நல்லது.

கையில இருக்கிற காசை இந்த வரிசையில செலவு பண்ணு: முதல்ல ஸ்டார்ட்டரும் எர்த்தும், அடுத்து பேரிங், அடுத்து நல்ல பிளேடு ரெண்டு. மத்ததுக்கெல்லாம் மரத்துண்டும், வீல் சுத்தளவுக்குக் கெட்டித் தோலும், ரெண்டு ஞாயித்துக்கிழமையும் போதும். பெயிண்ட் அடிக்கணும்னா எல்லாம் ஓடினதுக்கு அப்புறம் உன் இஷ்டத்துக்கு அடிச்சுக்கோ.